சான்றிதழும் சுவரும்

மனிதனுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் என மூன்று என்பர். இவற்றுள் உணவின் சுவையை நாக்கு உடனே அறிந்துவிடும். உடையின் பொருத்தத்தை உடல் உணர்ந்துவிடும். உறையுளின் தரமோ, அதனுள் ஓராண்டேனும் வாழ்ந்து பார்த்தாலன்றி விளங்குவதில்லை. வாழ்நாள் சேமிப்பையெல்லாம் கொடுத்து வாங்கும் ஒரு பொருளின் தரம், வாங்கிய பின்னரே தெரியவரும் என்பது பெருங்குறையன்றோ? அக்குறையைப் போக்க எழுந்ததே வீடுகளுக்கான எரியாற்றல் தரச் சான்றிதழ்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆணையை இயற்றியது. ஒரு கட்டடம் கட்டப்படும்போதும், விற்கப்படும்போதும், வாடகைக்கு விடப்படும்போதும் அதன் எரியாற்றல் தரத்தைக் கூறும் சான்றிதழ் இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அதனையொட்டி இங்கிலாந்திலும் வேல்சிலும் 2008 ஏப்ரல் முதல் புதிய வீடுகளுக்கு இச்சான்றிதழ் கட்டாயமாயிற்று. ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை தரங்கள் ஏழு. 92 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றது ‘ஏ’; 81 முதல் 91 வரை ‘பி’; மிகத் தாழ்ந்தது ‘ஜி’. ஒருமுறை வழங்கப்பட்ட சான்றிதழ் பத்தாண்டுகளுக்குச் செல்லும். மலேசியக் கடைகளில் குளிர்பதனப் பெட்டியின்மீது ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திரக் குறியீட்டைக் கண்டவர்களுக்கு இதன் நோக்கத்தை விளக்க வேண்டுவதில்லை.

பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் தச்சராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இங்கிலாந்தில் வாழும் தம் மகனைக் காணச் சென்றார். மகன் 2016ஆம் ஆண்டில் புத்தம் புதிய வீடொன்றை வாங்கிக் குடியேறியிருந்தான். அது முதற் குளிர்காலம். கூடத்தில் கதகதப்பு இருந்தது. மாடியில் பேரக்குழந்தை உறங்கும் அறையிலோ, வெப்பமூட்டி இரவெல்லாம் இயங்கியும் குளிர் நீங்கவில்லை. எரிவாயுக் கட்டணமும் மகன் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக வந்தது.

“அப்பா, இது ‘பி’ தரம் பெற்ற வீடு. 84 புள்ளிகள். இதோ சான்றிதழ்!” என்றான் மகன்.

“சான்றிதழ் இருக்கட்டும், தம்பி. குழந்தையின் கை ஏன் இப்படிச் சில்லிட்டிருக்கிறது?” என்று கேட்டார் பெரியவர்.

மகனிடம் விடையில்லை. விடை, அச்சான்றிதழ் உருவாகும் முறையில் இருந்தது. புதிய வீட்டின் புள்ளிகள், கட்டட வரைபடத்தையும் பயன்படுத்தப்படும் பொருள்களின் விவரத்தையும் கொண்டு கணக்கிடப்படுகின்றன. சுவரின் கனம், சன்னலின் பரப்பு, கூரையின் வெப்பக்காப்பு, வெப்பமூட்டியின் திறன் ஆகியன அக்கணக்கில் அடங்கும். காற்றுக் கசிவை மட்டும் நேரில் சோதிப்பர். வாயிற்கதவில் விசிறியொன்றைப் பொருத்தி, உள்ளும் புறமும் காற்றழுத்தம் 50 பாஸ்கல் வேறுபடுமாறு செய்து, எவ்வளவு காற்று கசிகிறது என அளப்பர். எனினும் அக்காலத்து விதிப்படி, ஒரே வகையான வீடுகள் பல இருப்பின் அவற்றுள் சிலவற்றைச் சோதித்தாலே போதுமானதாயிருந்தது. எனவே, வரைபடத்தில் உள்ள வீட்டுக்குப் புள்ளி கிடைத்தது. குழந்தை உறங்கியதோ செங்கல்லால் ஆன வீட்டில்.

பெரியவர் பூசையறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றை ஏற்றி எடுத்து வந்தார். கதவு, சன்னல், சுவரோரம் என ஒவ்வோரிடமாக அதனைக் காட்டிச் சென்றார். நேராக எழுந்த புகை, பரணுக்குச் செல்லும் மூடியின் அருகே அலைந்து சிதறியது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தனர். பரண் முழுவதும் கண்ணாடி நாராலான காப்புப் படலம் ஒரு சாணுக்கு மேல் பரப்பப்பட்டிருந்தது. குழந்தையின் அறைக்கு நேர் மேலே மட்டும் அது இல்லை! பணியாளர் எவரோ அம்மூலையை முடிக்காமலே இறங்கிவிட்டிருந்தார்.

மகன் நிழற்படம் எடுத்தான். சான்றிதழின் படியையும் இணைத்துக் கட்டுநருக்கு எழுதினான். கூரைக்கு இன்ன அளவு காப்பு உண்டு என்று கணக்கிட்டே இப்புள்ளிகள் வழங்கப்பட்டன. அக்காப்பு இவ்விடத்தில் இல்லை என்பதே அவன் எழுதியதன் சுருக்கம். மறுப்பதற்கு இடமிருக்கவில்லை. சில வாரங்களில் ஆட்கள் வந்து குறையைச் சரிசெய்தனர். அறை கதகதப்பாயிற்று.

இந்நிகழ்ச்சியைக் கேட்போர், சான்றிதழ் வெறும் தாளே என்று முடிவு கட்டக்கூடும். அது பிழையான முடிவாகும். ஊதுபத்தி குறையைக் காட்டியது உண்மையே. ஆயினும், அக்குறையைத் தீர்க்குமாறு கேட்கும் உரிமைக்கு வலுச் சேர்த்தது அத்தாளன்றோ? குளிர்கிறது என்று வெறுமனே முறையிட்டிருந்தால், இந்நாட்டுக் குளிர் அப்படித்தான் என்று விடை வந்திருக்கும். அளவுகோல் ஒன்று இருந்ததனால்தான் குறைவு எவ்வளவு என்று காட்ட முடிந்தது. தேர்வில் பெற்ற புள்ளி மாணவனின் அறிவாகிவிடாது. ஆயினும் புள்ளியே வேண்டாமென்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை.

இவ்வுண்மையைச் சட்டமும் பின்னர் உணர்ந்தது. இங்கிலாந்தில் 2022 சூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகள், புதிய வீடு ஒவ்வொன்றும் காற்றுக் கசிவுச் சோதனைக்கு உட்படுதல் வேண்டும் என்கின்றன. கட்டும்போதே வெப்பக்காப்பு இடப்பட்டதற்குச் சான்றாக நிழற்படம் எடுத்து வைத்தலும் கடமையாக்கப்பட்டுள்ளது. மூடிய சுவருக்குள் இருப்பதை, மூடுவதற்கு முன்பே காட்டச் சொல்லும் விதி அது.

நம் பகுதிக்கும் இதில் பாடம் உண்டு. சிங்கப்பூர் 2005இல் பசுமைக் கட்டடத் தரக்குறியைத் தொடங்கியது. 2008 ஏப்ரலில் பெரிய புதுக் கட்டடங்களுக்குக் குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்கியது. மலேசியாவில் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் சேர்ந்து 2009இல் பசுமைக் கட்டடக் குறியீட்டை உருவாக்கினர். அங்கே வெப்பத்தை வெளியேறவிடாமல் காக்கின்றனர். இங்கே வெப்பத்தை உள்ளே வரவிடாமல் தடுக்க வேண்டியுள்ளது. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் வெந்த தோட்டத்து லயங்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை நன்கு புரியும்.

புது வீடு வாங்குவோர் தரச் சான்றிதழைக் கேட்டு வாங்குக. வாங்கியபின் அதனைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், கையில் ஏந்தி வீட்டைச் சுற்றி வருக. சான்றிதழ் கூறுவதைச் சுவரும் கூறுகிறதா என்று பார்த்தல் வீட்டுக்குடையவனின் கடமையாகும்.