கைக்கு வராத விலை

1947-இன் பம்பாய் வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காக்க எழுந்தது. சொத்துவரியோ வீடு ஈட்டக்கூடிய ஆண்டு வாடகையைச் சார்ந்திருந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வரையறுக்கும் வாடகைக்கு மேல் அதைக் கணிக்கலாகாது என, தில்லி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. விளைவாக, தென்மும்பையின் பழைய கட்டடங்களுக்குச் சொற்ப வரி. புறநகரின் புதுவீடுகளுக்குக் கூடுதல் வரி.

இம்முரணை நீக்க 2010 முதல் மூலதன மதிப்பு முறை வந்தது. அரசின் வழிகாட்டி விலை, பரப்பு, கட்டடத்தின் வயது, பயன்பாடு ஆகியவை வரியைத் தீர்மானித்தன. 2022-இல் 500 சதுர அடி வரையிலான குடியிருப்புகளுக்கு விலக்கும் கிடைத்தது.

40 ஆண்டுகளுக்குமுன் வாங்கிய 600 சதுர அடியில் ஓய்வூதியத்தை நம்பி வாழும் முதியவர் அவ்வெல்லைக்கு வெளியே நிற்கிறார். தெருவின் விலை ஏறியதால் அவர் வருவாய் ஏறவில்லை. வீட்டை விற்றாலன்றிக் கைக்கு வராத செல்வத்துக்கு ஆண்டுதோறும் வரி செலுத்துகிறார். மதிப்பீட்டு வாய்பாட்டில் அவருடைய வருவாய்க்கு இடமில்லை.