கண்ணு ரோட்டுலல்ல இருக்கணும்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். தெருவில் ஒரு கார் போனால், எட்டிப் பார்க்காமலேயே, "டீசல் வண்டி... ரெண்டாவது கியர்லயே இழுக்கறான் பாவி" என்பார். எங்கள் வீட்டில் அந்த ஆள் என் சித்தப்பா.

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில், கட்டுச்சோறோடு போய் வெயிலில் நின்றவர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் வந்ததும் ஜாகையை அங்கே மாற்றிக்கொண்டார். 2005-ல் நம்ம கோயமுத்தூர் நாராயண் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் போனபோது, தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

நான் பி.காம். எனக்கு கார் என்றால் விலை, மைலேஜ், இ.எம்.ஐ. அவ்வளவுதான்.

போன வருஷம் புது கார் வாங்கினேன். டாஷ்போர்டு நடுவே கல்யாண ஆல்பம் சைஸுக்கு ஒரு ஸ்க்ரீன். ஏ.சி., ஃபேன், பாட்டு எல்லாமே அதைத் தொட்டால்தான். பெருமையாக சித்தப்பாவை உட்கார வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டித் தடவினார்.

"ஃபேனைக் கூட்டுற திருகு எங்கடா?"

"ஸ்க்ரீன்ல இருக்கு சித்தப்பா. கண்ணைத் தொறந்து பாருங்க."

"கண்ணு ரோட்டுலல்ல இருக்கணும்!"

சிரித்தேன். காலால் மிதிக்கிற டிம்மர் வைத்த அம்பாஸடர் ஓட்டிய மனுஷன், அப்படித்தான் பேசுவார் என்று நினைத்தேன்.

கார்த்திகை மாதம். ஜி.எஸ்.டி. சாலையில் இரவு ஒன்பதரை மணி. நல்ல மழை. கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படர்ந்துவிட்டது. காற்றை அந்தப் பக்கம் திருப்பினால் சரியாகிவிடும், தெரியும். ஆனால் ஸ்க்ரீனில் மேப் ஓடுகிறது. அதை விலக்கி, மெனுவுக்குள் போய், ஏ.சி. படத்தைத் தேடி... விரல் ஈரம் வேறு. முதல் தடவை தொட்டது ஏறவில்லை.

நிமிர்ந்தால், எதிரே பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஒருவர். பக்கத்தில் டியூஷன் பையைக் குடையாகப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்.

பிரேக்கை மிதித்தேன். ஓரடி தள்ளி நின்றது கார். அவர் திட்டவில்லை. பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 60 கி.மீ. வேகம் என்றால் விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். மூன்று விநாடி குனிந்தால் 50 மீட்டர். அவ்வளவு தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்!

சித்தப்பாவிடம் சொன்னேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஆரம்பிக்கவில்லை. ஃபார்முலா ஒன் ஸ்டீயரிங் படம் ஒன்றைக் காட்டினார். "முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல போறவன் வண்டி. எத்தனை பட்டன், எத்தனை திருகு பாரு. க்ளவுஸ் போட்ட விரலுக்கும் தெரியணும்ல?"

பிறகுதான் தேடிப் படித்தேன். 2017-ல் சிங்கப்பூர் அருகே 'ஜான் எஸ். மெக்கெய்ன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதி, 10 மாலுமிகள் இறந்தார்கள். கப்பலைச் செலுத்தும் தொடுதிரை குழப்பியதும் ஒரு காரணம் என்றது விசாரணை. கையால் தள்ளும் லீவருக்கே திரும்பப்போவதாக 2019-ல் அந்தக் கடற்படை சொல்லிவிட்டது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு ஸ்டார் கொடுக்கும் யூரோ என்கேப், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண் குறையும் என்று அறிவித்தது.

அப்புறம் ஏன் எல்லாவற்றையும் ஸ்க்ரீனுக்குள் திணிக்கிறார்கள்? இது பி.காம். மூளைக்குச் சட்டென்று புரிகிற விஷயம். ஸ்க்ரீன் ஒன்று வைத்தால் பத்து ஸ்விட்ச், அதன் அச்சு, ஒயர், எல்லாம் மிச்சம். பார்க்கவும் பளபள. கம்பெனிக்கு வரவு. பற்று யார் கணக்கில்? அன்றைக்கு அந்தக் குழந்தையின் கணக்கில் எழுத இருந்தேன்.

நீங்கள் கார் வாங்கப் போகிறீர்களா? மைலேஜ் கேளுங்கள், தள்ளுபடி கேளுங்கள். அப்படியே, ஷோரூமில் நிற்கிற வண்டியில் உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி, வைப்பரையும் ஃபேனையும் கையால் தேடிப் பாருங்கள்.

விற்கிற பையன் சிரிப்பான். சிரிக்கட்டும். நானும் சிரித்தவன்தான்.