சிறகுக்கு ஏற்ற விசை



மதரஸாவில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுப்பது என் பணி. கல்லூரியில் நான் படித்தது வரலாறு. எஞ்சினைப் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், தகுதி ஏதுமில்லை என்பதே என் பதில். ஆயினும் ஓர் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சென்ற ஆண்டு என் தலைமேல் வந்தது. அதில் நான் ஒரு தவறும் செய்தேன். அந்தத் தவறு தந்த பாடம் எஞ்சினோடு நில்லாமல் என் வகுப்பறை வரைக்கும் வந்துவிட்டது. பிள்ளை வளர்க்கும் வீடுகளுக்கு அது பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

என் தங்கை மகனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது மச்சான் சவூதியில் வஃபாத்தானார். அவர் விட்டுச் சென்ற தொகை அமானிதமாக என் கைக்கு வந்தது. அதில்தான் மருமகன் படித்தான். இப்போது இயந்திரவியல் இறுதியாண்டில் இருக்கிறான். அவன் வயது வந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டேன். என்றாலும் பெரிய செலவு எதுவானாலும் என்னிடம் வந்து நிற்பது அவன் வழக்கம். அப்படித்தான் ஒருநாள் மஃரிபுக்குப் பின் வந்தான்.

"மாமு, ஒரு விமானம் செய்திருக்கிறேன். அதற்கு எஞ்சின் வாங்க வேண்டும். நீங்கள் சரியென்றால்தான் வாங்குவேன்" என்றான். விலையைச் சொன்னான். என் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம்! இது வீண்விரயம் ஆகாதா என்ற கேள்வியே முதலில் என் நாவில் வந்தது.

ஆனால் அந்த ஆசைக்கு வித்திட்டவனும் நான்தான். அவன் சிறுவனாக மக்தபில் ஓதிய காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் வரலாற்றைச் சொல்லியிருக்கிறேன். உடலில் இறகு போர்த்தி, சிறகு கட்டி அவர் பறந்ததாகவும், பறவைக்கு வால் எதற்கு என்பதை எண்ணாமல் விட்டதால் இறங்கும்போது காயமுற்றதாகவும் அல்மக்கரீ என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். பிள்ளைகள் சிரித்துவிட்டு மறந்தார்கள். இவன் மட்டும் மறக்கவில்லை.

மறுநாள் தங்கை வீட்டு மாடியில் அந்த விமானத்தைப் பார்த்தேன். நான் எண்ணியிருந்தது ஒரு விளையாட்டுப் பொம்மையை. அங்கே இருந்ததோ சிறகின் இரு முனைகளுக்கும் இடையே ஏழடி நீளமுள்ள ஒரு பறவை! ஜெர்மனியின் வால்டர் எக்ஸ்ட்ரா என்பவர் வடிவமைத்து, 1988இல் முதன்முதலில் பறந்த 'எக்ஸ்ட்ரா 300' என்னும் வான்சாகச விமானத்தின் மாதிரி அது. உண்மை விமானத்தின் சிறகு எட்டு மீட்டர். எஞ்சினோ 300 குதிரைத்திறன். தலைகீழாகப் பறந்தாலும் எண்ணெய் ஓட்டம் தடைபடாதபடி அமைந்த எஞ்சின் அது. அதன் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றுப் பெரிதாக, பால்சா மரத்தாலும் மெல்லிய பிளைவுட்டாலும் இவன் தன் கையாலேயே கட்டியிருந்தான். ரிமோட் மூலம் தரையில் நின்றே இயக்குவது. இரண்டு ஆண்டு உழைப்பு என்று தங்கை சொன்னாள்.

இவ்வளவு பெரிய விமானத்துக்கு எஞ்சினும் பெரிதாக வேண்டும் என்பது புரிந்தது. ஆனால் புதிது எதற்கு? எனக்குத் தெரிந்த தென்னந்தோப்புக்காரர் ஒருவரிடம் பழைய புல் வெட்டும் இயந்திரம் சும்மா கிடந்தது. அதன் எஞ்சினைக் கேட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது 50 சி.சி. நீ கேட்பதும் ஏறத்தாழ அதே அளவுதானே? இதைப் பொருத்து" என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் மாமு, அவன் மருமகன். சொல்லாமலே வாங்கிக்கொண்டான்.

ஒரு மாதம் போராடினான். அந்த எஞ்சின் தோளில் மாட்டிப் புல் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. கனத்த சுழல் சக்கரம், இழுகயிறு, குளிர்விக்கும் விசிறிக் கூடு எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. மூக்கு கனத்ததால் வாலில் ஈயக்கட்டி வைத்தான். அதனால் மொத்த எடை இன்னும் ஏறியது. கிளட்சை இயக்கப் பிறந்த தண்டில் புரொப்பெல்லரை மாட்டத் தனியே ஓர் இணைப்பைக் கடைந்தான். ஒருநாள் தரையிலேயே ஓட்டிப் பார்த்தபோது விமானம் முழுவதும் நடுங்கியது. நிறுத்திவிட்டுப் பார்த்தால், எஞ்சின் பொருத்தும் முன்பலகையின் ஒட்டு நெடுக விரிசல் விட்டிருந்தது. இரண்டு ஆண்டு உழைப்பில் என் பிடிவாதம் போட்ட கீறல் அது!

அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "மகனே, நீ அன்று சொல்ல வந்ததை இப்போது சொல்" என்றேன். பாயில் அமர்ந்து ஒரு மாணவனாகக் கேட்டேன்.

அவன் சொன்னதன் சாரம் இதுதான். சாதாரண விமானத்தைச் சிறகு தாங்குகிறது. எஞ்சின் முன்னே இழுத்தால் போதும். சாகச விமானமோ சில வேளைகளில் மூக்கை வானத்துக்கு நேராக நிமிர்த்தி அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். அப்போது சிறகு உதவாது. புரொப்பெல்லரின் இழுவிசை ஒன்றே முழு எடையையும் தாங்கியாக வேண்டும். எனவே இழுவிசை எடையை மிஞ்ச வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால்தான் அந்த நிலையிலிருந்து தயங்காமல் மேலேறவும் முடியும். விமானம் எட்டுக் கிலோ என்றால் பன்னிரண்டு கிலோ இழுவிசை தேவை. ஆகவே 'எத்தனை சி.சி.' என்பது முதற்கேள்வி அன்று. 'எத்தனை கிலோவை இழுக்கும், தானே எத்தனை கிலோ இருக்கும்' என்பதே முதற்கேள்வி.

பிறகு இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டோம். மெத்தனால் கலவையில் ஓடும் எஞ்சின்கள் சிறிய விமானங்களுக்கு ஏற்றவை. இந்த அளவில் அந்த எரிபொருள் பெருஞ்செலவு, எளிதில் கிடைப்பதுமில்லை. மின்மோட்டார் அமைதியானது, புகையில்லாதது. ஆனால் சில நிமிடப் பறத்தலுக்கே பெரிய பேட்டரிகள் வேண்டும், அவையும் காலப்போக்கில் தேய்ந்து போகும். எஞ்சியது, மாதிரி விமானத்துக்கென்றே செய்யப்படும் பெட்ரோல் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். எங்கும் கிடைக்கும் பெட்ரோல். லிட்டருக்கு 25 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தால் நாற்பதுக்கு ஒன்று என்ற விகிதம் வந்துவிடும். அதன் கார்புரேட்டரில் சவ்வுப் பம்பு இருப்பதால் விமானம் தலைகீழாக இருந்தாலும் எரிபொருளை இழுத்துக்கொள்ளும். மின்னணுத் தீப்பொறி அமைப்பு, கையால் சுழற்றித் தொடங்கும் வேளையில் தீப்பொறியைத் தாமதப்படுத்தி, புரொப்பெல்லர் எதிர்த்து உதைக்கும் ஆபத்தைக் குறைக்கும்.

அதிலும் இரண்டு தெரிவுகள். ஒன்று, 55 சி.சி. கொண்ட ஒற்றை சிலிண்டர். மற்றது, 100 சி.சி. கொண்ட இரட்டை சிலிண்டர். கடைக்காரர் இரட்டையையே புகழ்ந்தார். நண்பர்களும் பெரிதையே வாங்கச் சொன்னார்கள். உண்மையில் அவன் மனமும் அங்கேதான் இருந்தது. "இரண்டு சிலிண்டரும் எதிரெதிராக ஓடுவதால் அதிர்வு குறைவு மாமு. சக்தி இருந்தால் நல்லதுதானே? வேண்டாதபோது குறைத்துக்கொள்ளலாமே?" என்றான்.

இப்போது என் முறை. எஞ்சின் தெரியாத நான் எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொன்னேன். 1903ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு விமானங்கள் ஆயத்தமாயின. அறிஞர் லாங்லியின் விமானத்தில் 52 குதிரைத்திறன் எஞ்சின். அக்காலத்தின் அற்புதம் அது. ரைட் சகோதரர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் விமானம் பறக்கக் குறைந்தது எத்தனை விசை தேவை என்று முதலில் கணக்கிட்டார்கள். எட்டுக் குதிரைத்திறன் என்று விடை வந்தது. அதற்கேற்ற எடையில் எஞ்சின் கேட்டுப் பல நிறுவனங்களுக்கு எழுதினார்கள், பொருத்தமானது கிடைக்கவில்லை. அவர்களுடைய சைக்கிள் கடையின் தொழிலாளி சார்லி டெய்லர் ஆறு வாரத்தில் ஒன்றைச் செய்து தந்தார். ஏறத்தாழ 12 குதிரைத்திறன். லாங்லியின் விமானம் அக்டோபர் 7இலும் டிசம்பர் 8இலும் பொட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஏவு மேடையில் சிக்கியது என்றும், சட்டத்தின் வலுக்குறை என்றும் காரணம் கூறினார்கள். எதுவாயினும் 52 குதிரைத்திறன் அதைக் காப்பாற்றவில்லை. டிசம்பர் 17 அன்று, 12 குதிரைத்திறன் கொண்ட விமானம் 12 விநாடி பறந்து 120 அடி கடந்தது.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பின்பு காகிதமும் பென்சிலும் எடுத்தான். இரட்டை எஞ்சின் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவை நெருங்கும். ஒற்றை எஞ்சின் இரண்டு கிலோவுக்குள் அடங்கும். மூக்கு கனத்தால் மீண்டும் ஈயம். இரட்டைக்கு 27 அங்குலப் புரொப்பெல்லர் வேண்டும். அவன் அமைத்திருந்த சக்கரக் கால்களின் உயரத்துக்கு அது தரையைத் தொட்டுவிடும். எரிபொருள் தொட்டி, முன்பலகை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஒற்றைக்கு 23 அங்குலம் போதும். இழுவிசையும் தேவைக்கு மேலேயே இருக்கும். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "55 போதும் மாமு" என்றான்.

வீண்விரயம் எங்கே இருக்கிறது என்பதும் அப்போது விளங்கியது. இலவசமாகக் கிடைத்ததை வேண்டாத இடத்தில் பொருத்தி உழைப்பைக் கெடுத்தது விரயம். தேவைக்கு மிஞ்சியதை வாங்கிப் பெருமை கொள்வதும் விரயம். அளந்து, தேவைக்கேற்பச் செலவிடுவது விரயமாகாது என்று என் மனம் ஒப்பியது.

எஞ்சின் வந்தது. விரிசல் விட்ட பலகையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டான். ஓட்டிப் பார்ப்பதற்கு நான் மூன்று நிபந்தனைகள் விதித்தேன். அக்கம்பக்கத்தார் உரிமையை எண்ணி ஊருக்கு வெளியே தோப்பில்தான் ஓட்ட வேண்டும். தொழுகை நேரத்தில் கூடாது. தரையில் நின்றபடியே ரிமோட் மூலம் தீப்பொறியை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் தொடவே கூடாது. தடித்த தோல் கையுறையைத் தங்கை வாங்கித் தந்தாள். சுழலும் புரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது, விரலைத் துண்டித்துவிடும். அதற்கு நேர் முன்னும் பக்கவாட்டிலும் எவரையும் நிற்க விடக்கூடாது என்பதில் அவனும் கண்டிப்பாக இருந்தான்.

வாலைத் தென்னை மரத்தில் கட்டி நடுவே சுருள்வில் தராசை மாட்டினோம். எஞ்சின் முழு வேகத்தில் பாடியபோது முள் 13 கிலோவைக் காட்டியது. விமானத்தின் எடை 7.8 கிலோ. கணக்கு பொய்க்கவில்லை.

ஒரு ஞாயிறு, அஸருக்குப் பின், மாதிரி விமானச் சங்கத்தார் அனுமதி பெற்றுப் பறக்கவிடும் வறண்ட திடலுக்குப் போனோம். சங்கத்து மூத்தவர் ஒருவர் முதலில் பறக்கவிட்டுச் சரிபார்த்தார். பிறகு மருமகன் ரிமோட்டை வாங்கி "பிஸ்மில்லாஹ்" என்றான். விமானம் ஏறியது, புரண்டது, வட்டமிட்டது. பின்பு திடலின் நடுவே மூக்கை நிமிர்த்தி, வால் கீழே தொங்க, அந்தரத்தில் நின்றது. அல்முல்க் அத்தியாயத்தில் சிறகு விரிக்கும் பறவைகளை அல்லாஹ் நினைவூட்டுவது என் உள்ளத்தில் வந்தது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவங்க அத்தா பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நினைவில் நின்றது பறந்த விமானம் அன்று; முன்பலகையில் கண்ட அந்த விரிசல்.

என் மதரஸாவில் ஹிஃப்ழ் செய்யும் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன். அவனுடைய அண்ணன் நாளுக்கு ஒரு பக்கம் மனனம் செய்தவன் என்பதால் இவனுக்கும் ஒரு பக்கம் விதித்திருந்தேன். இரண்டு மாதம் ஒப்பித்தான். பிறகு பழைய பாடங்கள் தடுமாறின. சோம்பல் என்று கண்டித்தேன். அவன் ஓதும்போது குரல் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்தையும் சோம்பல் என்றே எழுதிக்கொண்டேன். அல்பகராவின் இறுதி வசனத்தை எத்தனை ஆண்டுகளாக ஓதிக்கொடுத்து வருகிறேன்! சக்திக்கு மீறிய சுமையைப் பற்றி அல்லாஹ் அங்கே அறிவிப்பதை என் வகுப்பிலிருந்த ஒரு பிள்ளைக்குப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே!

மறுநாள் அவனை அருகில் அழைத்து, "இனி அரைப் பக்கம் போதும். மீதி நேரம் பழைய பாடம்" என்றேன். தண்டனையோ என்று அஞ்சி என் முகத்தைப் பார்த்தான். தண்டனை இல்லை, என் கணக்குதான் தவறு என்று சொன்னேன். மாணவனிடம் அப்படிச் சொல்வது எனக்கு அதுவே முதல்முறை. இப்போது இருபத்திரண்டாம் ஜுஸ்உவில் இருக்கிறான். அண்ணனைவிடத் தாமதம்தான். ஆனால் முந்தைய ஜுஸ்உகளில் எங்கே கேட்டாலும் தயங்காமல் ஓதுகிறான்.

அன்பு வாசகர்களே! நம் வீடுகளில் மருத்துவம், பொறியியல், ஹிஃப்ழ், வெளிநாடு என்று பிள்ளைகளுக்குப் பெரிய பெரிய எஞ்சின்களைத் தேர்ந்தெடுக்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தியதை, அண்ணனுக்குப் பொருந்தியதை, சும்மா கிடைத்ததை மாட்டிவிடுகிறோம். அந்தப் பிள்ளையின் சட்டம் என்ன எடை தாங்கும், அது செய்ய விரும்பும் வேலை என்ன என்று முதலில் அளந்து பார்க்கிறோமா? அவன் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது ஒரு கணம் நிறுத்திக் கேட்கிறோமா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மாதமும் ஒரு பலகையும் மிச்சமாகியிருக்கும்.

பலகையை மாற்றிவிடலாம். பிள்ளையின் உள்ளத்தில் விழும் விரிசலை ஒட்டுவது அத்தனை எளிதன்று. அளவறிந்து வளர்க்கும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.