கொழும்புக்கு ஓர் இரவு

2001ஆம் ஆண்டின் முற்பகுதி. வவுனியாவில் நான் வேலை பார்த்த வார்டுக்குப் பின்னேரம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். மஞ்சள் அலரி நஞ்சு. வடக்கில் வேலிக்கு வேலி நிற்கிற மரம் அது. "ரெண்டு சொல்லுத்தான் ஏசினனான் டொக்டர்" என்று தாய் என் கையை விடவேயில்லை. பிள்ளைக்கும் சாக விருப்பமில்லை. "என்னைக் காப்பாத்துவியளோ?" என்று தெளிவாகக் கேட்டாள். அலரியின் கொடுமையே அதுதான். புத்தி தெளிவாக இருக்கும், இதயம் தடுமாறும்.

நாடி 38. ஈசிஜித் தாளில் மேலறையின் சிற்றலைகள் தம்பாட்டில் ஓடின; கீழறையின் பெரிய அலைகள் அவற்றோடு ஒட்டாமல் எப்போதாவது எழுந்தன. டிஜொக்சின் என்ற இதய மாத்திரை அளவு மீறினால் நடப்பதுதான் இதிலும் நடக்கிறது. இதயத் தசையின் சோடியம் பம்பை நஞ்சு முடக்குகிறது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. கரிக்கரைசல் கொடுத்தோம். அற்றோபின் ஏற்றியதும் நாடி ஐம்பதைத் தொட்டு, மறுபடி இறங்கியது. தற்காலிக பேஸ்மேக்கருக்கோ நஞ்சுமுறிக்கோ கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது.

யுத்த காலத்து இரவுப் பயணம். ஈரப்பெரியகுளம் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்க வேண்டும். பிள்ளையை அசைக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினேன். ஒரு சிப்பாய் டோர்ச் அடித்து அவள் முகத்தைப் பார்த்தார். தானே ஓடிப்போய்த் தடையைத் தூக்கிவிட்டார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். வழி முழுவதும் அவள் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் எனக்கே மூச்சு நின்றது.

கொழும்பில் அவளுக்கு நஞ்சுமுறி ஏற்றினார்கள். டிஜொக்சினுக்கென்று செம்மறி ஆடுகளின் உடலில் உருவாக்கி எடுக்கும் எதிர்ப்பொருள் அது, நஞ்சைப் பிடித்துக் கட்டிவிடும். எங்கள் நாட்டு நோயாளிகள் 66 பேரில் நடந்த சோதனைதான் அலரி நஞ்சுக்கும் அது வேலை செய்யும் என்று நிறுவியது. அதன் முடிவு 2000இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. விடியுமுன் அவள் நாடி ஒழுங்குக்கு வந்தது. தாய் தரையில் குந்தியிருந்து அழுதார்.

அதே வருடம் மருந்து தீர்ந்தது. எங்களைப் போன்ற நாட்டுக்குக் கட்டுப்படியாகாத விலை. அடுத்த நோயாளிக்காகக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தபோது, "மருந்து இல்லை மச்சான், பேஸ்மேக்கருக்குத்தான் அனுப்பலாம்" என்றான் அங்கிருந்த நண்பன். மருந்து நின்ற பிறகு சாவு கூடியதென்று 2003இல் அதே லான்செட்டில் எழுதினார்கள். எங்கள் ஆட்களின் உடலில் சோதித்துத் தேறிய மருந்து எங்கள் ஆட்களுக்கே கிடைக்கவில்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.