மற்றவை என்ற கட்டம்

விண்ணப்பத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. ஆங்கிலம், ஜப்பானியம், மற்றவை. மனைவி இரண்டாவதில் குறி போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள். நான் மூன்றாவதில் போட்டேன். முதல் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் வருஷத்துக்கு 20 லட்சம் யென்னுக்கு மேல் கேட்டார்கள்.

மூன்று வருஷங்களுக்கு முன் நடந்தது. டோக்கியோவின் கிழக்கு ஓரம், எதோகாவா வார்டில் நிஷி கசாய். 2000ஆம் வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகம் பயந்த சமயத்தில் இந்தியப் பொறியாளர்கள் வந்து தங்க ஆரம்பித்த இடம். நான் அதற்கு வெகு பின்னால் வந்தவன். மனைவி ஷிசுவோகா பக்கத்துக்காரி. தமிழ் காதில் விழுந்தால் அவளுக்குப் பாதி புரியும். எனக்கு ஜப்பானியம் பேச வரும். வாசிப்பு செய்தித்தாள் தலைப்புகளோடு நின்றுவிடும். எங்கள் சண்டைகள் ஜப்பானியத்தில்தான். அதனால் நான்தான் தோற்கிறேன்.

மகள் மூன்று வயதுவரை இரண்டையும் ஒரே மொழியாகத்தான் வைத்திருந்தாள். 'அப்பா நோ செருப்பு' என்பாள். நோ என்பது நம்முடைய 'உடைய'. திருச்சியிலிருந்து என் அம்மா போனில் பேசி முடித்ததும், 'பாட்டி, சாப்பிடு தோ இத்தா' என்று அம்மாக்காரியிடம் தகவல் சொல்வாள். தோ என்றால் 'என்று', இத்தா என்றால் 'சொன்னாள்'. சொல்லுக்குச் சொல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். எதையும் முன்னே பின்னே நகர்த்த வேண்டாம். ஒருநாள் 'மாமா வந்தாச்சு' என்று இவள் கத்த, எந்த மாமா என்று என் அம்மா திகைத்துப் போனாள். இங்கே குழந்தைகளுக்கு மாமா என்றால் தாய்.

இந்த இடத்தில் தமிழ் நண்பர்கள் தவறாமல் சுசுமு ஓனோவைக் கொண்டு வருவார்கள். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று வாதாடிய அறிஞர், 2008இல் காலமானார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவுகளை ஏற்கவில்லை. நம்மவர்களுக்கு அது ஒரு பொருட்டாகப் பட்டதும் இல்லை. உறவோ இல்லையோ, பள்ளிக்கூட வாசலில் அந்த ஆராய்ச்சி எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

பார்த்த பள்ளிகள் மூன்று வகை. வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் வார்டின் தொடக்கப்பள்ளி. படிப்புக்குக் காசில்லை. குழந்தைகள் பெற்றோர் துணையில்லாமல் நடந்து போகின்றன, தாங்களே மதியச் சாப்பாட்டைப் பரிமாறிக்கொள்கின்றன, வகுப்பைப் பெருக்கித் துடைக்கின்றன. ஆறு வருஷத்தில் 1,026 கஞ்சி எழுத்துக்கள். இரண்டாவது, இந்தியப் பள்ளி. 2004இல் கோட்டோ வார்டில் ஒன்றும், 2006இல் எங்கள் வார்டில் ஒன்றும் வந்தன. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம். ஆங்கிலத்துக்காகவும் கணக்குக்காகவும் ஜப்பானியப் பெற்றோர்களே தேடி வந்து சேர்த்தார்கள். மூன்றாவதுதான் இருமொழிப் பள்ளி. காலையில் ஒரு மொழி, மத்தியானத்துக்கு மேல் இன்னொன்று.

இருமொழிப் பள்ளி என்ற யோசனையையே நான் கேலி செய்யவில்லை. 1949இல் டோக்கியோவில் நிஷிமாச்சி பள்ளியைத் தொடங்கிய மட்ஸுகட்டா தானே, எந்த தேசத்துக் குழந்தையானாலும் ஜப்பானியம் படித்தாக வேண்டும் என்று வைத்தார். யுத்தத்தில் தோற்று நான்கே வருஷம் ஆன ஊரில் அது சாதாரண காரியமில்லை. மனைவியின் ஊருக்குப் பக்கத்தில் நுமஸு நகரத்தில் கத்தோ காக்குயென் 1992இலேயே கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்தில் நடத்த ஆரம்பித்துவிட்டது. அங்கேயே குடிபோகலாமா என்றுகூடப் பேசினோம். என் வேலை டோக்கியோவில். பேச்சு ஒரு ராத்திரியோடு முடிந்தது.

நாங்கள் போய்ப் பார்த்தது வேறொரு பள்ளி. மாதிரி வகுப்பில் ஓர் இளம் ஆசிரியை வானிலை அட்டைகளைக் காட்டிப் பாடினாள். மகள் சீக்கிரமே பிடித்துக்கொண்டு 'சன்னி, சன்னி' என்று குதித்தாள். வெளியே நல்ல மழை. திரும்பும்போது குடைக்குள் கேட்டேன், சன்னி என்றால் என்ன? மஞ்சள் அட்டை என்றாள். ஒரு மணி நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியை எடை போடுவது நியாயமில்லைதான். ஆனால் அந்த மஞ்சள் அட்டை என்னை விடவில்லை.

சட்டமும் குறுக்கே வந்தது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மகள் ஜப்பானியப் பிரஜை. 1947ஆம் வருஷத்துப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் முதல் ஷரத்து எவையெல்லாம் பள்ளி என்று பட்டியல் போடுகிறது. சர்வதேசப் பள்ளிகளில் பெரும்பாலானவை அதில் அடங்காது. அங்கே பிரஜையைச் சேர்த்தால் பெற்றோர் கட்டாயக் கல்விக் கடமையை நிறைவேற்றியதாகாது. வார்டு அலுவலகத்துக்காரர் அரைமணி நேரம் பேசினார், 'கூடாது' என்ற வார்த்தையை ஒருமுறைகூட உச்சரிக்காமல். 'அது கொஞ்சம்...' என்று நிறுத்துவார். மிச்சத்தை நாம் முடித்துக்கொள்ள வேண்டும். அந்நியப் பிரஜைகளின் குழந்தைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. விளைவு, 2019இல் அரசாங்கம் கணக்கெடுத்தபோது, எந்தப் பள்ளியிலும் இருப்பது உறுதியாகாத அப்படிப்பட்ட குழந்தைகள் 20,000 பேர் அளவில் இருந்தார்கள்.

ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் 1970களின் கடைசியில் ஒரு வித்தியாசத்தைச் சுட்டினார். அரட்டை மொழி வேறு, படிப்பு மொழி வேறு. புதிய மொழியில் முதலாவது இரண்டு வருஷத்தில் வந்துவிடும். இரண்டாவதற்கு ஐந்து, ஏழு வருஷம் பிடிக்கும். வீட்டு மொழியில் ஊன்றிய குழந்தைக்கு அந்த வேர் அடுத்த மொழியிலும் உதவுகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சமாதானமாக இல்லை, சங்கடமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஊன்றிய மொழி எது? என்னுடையது இல்லை.

நான் ஆங்கிலத்தில் படித்தவன். பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். தமிழ் எனக்குக் கிடைத்தது மாவட்ட நூலகத்தில், கிட்டத்தட்ட திருட்டுத்தனமாக. காலிக் கட்டத்தைப் பார்த்து எனக்கு ஏற்பட்ட பதற்றம் ஆங்கிலத்தின் மேல் உள்ள பிரியத்தால் வந்ததல்ல. என் அப்பாவின் பயம் அது. அவர் மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கி எனக்குள் போட்டுவைத்தது.

இந்தப் பயம் நம்முடையது மட்டும் என்று நினைத்திருந்தேன். 1872இல் மோரி அரினோரி ஜப்பானியத்தை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடலாமா என்று அமெரிக்க மொழியியலாளர் விட்னிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பிற்பாடு நாட்டின் முதல் கல்வி மந்திரி ஆனார். 1946இல் ஷிகா நவோயா பிரெஞ்சைத் தேசிய மொழி ஆக்கிவிடலாம் என்று கட்டுரை எழுதினார். வசனத்தின் சிக்கனத்துக்காக ஒரு தலைமுறையே வழிபட்ட சிறுகதைக்காரர். தனக்கு பிரெஞ்சு அவ்வளவாகத் தெரியாது என்பதையும் ஒளிக்கவில்லை. தோல்வி ஒரு எழுத்தாளனை எங்கே கொண்டு நிறுத்துகிறது!

அதற்கு நேரெதிர் மிஸுமுரா மினாயே. பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு நியூயார்க் பக்கம் போனவர். இருபது வருஷம் அமெரிக்காவில் இருந்துகொண்டு, வீட்டு அலமாரியிலிருந்த நவீன ஜப்பானிய இலக்கியத் தொகுதிகளையே படித்துக்கொண்டிருந்தார். 1995இல் வந்த நாவலில் ஜப்பானிய வாக்கியங்களுக்கு நடுவே ஆங்கிலம் அப்படியே கிடக்கிறது. அதற்காகப் புத்தகத்தையே இடமிருந்து வலமாக அச்சிட்டார்கள். அவரை எந்தப் பள்ளியும் காப்பாற்றவில்லை, ஒரு அலமாரி காப்பாற்றியது. என் வீட்டிலும் அலமாரி இருக்கிறது. அதிலுள்ளதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

இதையெல்லாம் மனைவியிடம் ஒரு இரவு கொட்டினேன். இங்கே குழந்தை பிறந்த பிறகு புருஷனைக் குழந்தை அழைப்பது போலவே அழைப்பார்கள். அவளும் என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். 'தமிழுக்கு எதற்குப் பள்ளி? அப்பா எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்தால் போதும்' என்றாள். நான் வீடு சேர அப்போதெல்லாம் பத்தாகும்.

வார்டு பள்ளியில் சேர்த்தோம். ஆங்கிலக் கட்டம் இன்னும் காலிதான். மூன்றாம் வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஏதோ சொல்லித் தருகிறார்கள். நண்பர்களின் குழந்தைகள் இரண்டு பேர் சரளமாகப் பேசும்போது மனசு ஓரத்தில் வலிக்கிறது; அதை மறைப்பதில் பிரயோஜனமில்லை. நான் வாரத்தில் மூன்று நாள் எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன். மகள் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அலமாரிக்கு இன்னும் வெகுதூரம்.

போன மாதம் வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். 400 கட்டங்கள் கொண்ட தாள், மேலிருந்து கீழாக எழுத வேண்டும். என்னைப் பற்றி எழுதியிருந்தாள். அகராதியோடு உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் படித்தேன். அந்நியச் சொற்களுக்கான கத்தக்கானா எழுத்தில் 'அப்பா' என்று எழுதியிருந்தாள், எல்லா இடத்திலும். ஆசிரியர் முதல் அப்பாவை மட்டும் சிவப்பு மையில் அடித்து, தகப்பனைக் குறிக்கும் கஞ்சியைப் பக்கத்தில் எழுதியிருந்தார். இரண்டாம் வகுப்பிலேயே படித்த எழுத்து. மறதியாக இருக்காது.

திருத்தி எழுதப் புதுத் தாள் கொண்டுவந்தாள். ஆசிரியர் சொன்ன எழுத்தைப் போட்டுவிட்டு, தலைப்புக்குக் கீழே தமிழில் அப்பா என்று எழுதப் போவதாகச் சொன்னாள். ஒரு கட்டத்தில் அ. அடுத்ததில் ப், புள்ளி கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. மூன்றாவதில் ப எழுதியதும் இடம் தீர்ந்துபோய்ப் பென்சிலைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். காலுக்குத் தனிக் கட்டமா? ஊரில் எனக்குத் தெரிந்த அச்சுக்கோப்பவர் இருந்திருந்தால் தயங்காமல் ஆமாம் என்றிருப்பார். அவருடைய கேஸில் காலுக்குத் தனி அறை உண்டு. இலக்கணப்படி அது இரண்டு எழுத்தல்ல. நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.