டூட்டூ: பாரமில்லாத பாவாடையின் கதை

டூட்டூ என்பது ஆரம்பத்தில் ஒரு மரியாதையான சொல்லே இல்லை. பிரெஞ்சுக் குழந்தைப் பேச்சில் பின்பக்கத்தைச் செல்லமாகச் சொல்லுகிற சொல்லில் இருந்து வந்தது என்பதுதான் வழமையாகச் சொல்லப்படும் விளக்கம். பாரிஸ் ஒப்பரா மண்டபத்தில் மலிவான இருக்கைகளில், கீழே இருந்து மேடையைப் பார்த்த சனம் பலே நடனக்காரிகளின் பாவாடைக்கு வைத்த பட்டப்பெயராம். உலகத்திலேயே நாசூக்கான உடுப்பு எண்டு நாங்கள் நினைக்கிற ஒன்றுக்குப் பெயர் வந்த விதம் அப்படி.

எனக்குப் பலே ஆடத் தெரியாது. நேரில் பார்த்ததும் இல்லை, எல்லாம் யூரியூப்தான். இருந்தும் இந்தப் பாவாடையைப் பற்றித் தேடி வாசிக்க வைத்தது ஒரு எரிச்சல். நெற் துணி வைத்துப் பொங்கி நிற்கிற சட்டையை ஒரு வளர்ந்த பெண் போட்டால் "என்ன, பொம்மை மாதிரி வந்திருக்கிறாய்?" எண்டு கேட்க ஒரு ஆளாவது இருக்கும். அந்தச் சட்டை போட்டால் மூளை இல்லை, பலம் இல்லை எண்ட மாதிரி ஒரு பார்வை. உண்மையிலேயே டூட்டூ பலவீனத்தின் சீருடையா?

கதை பாவாடையில் இல்லை, காலில்தான் தொடங்குகிறது. 1700களின் முற்பகுதியில் பாரிஸ் மேடையில் பெண்கள் நிலத்தைத் தொடுகிற கனமான பாவாடைகளோடு ஆடினார்கள். துள்ளலும் வேகமான கால்வேலையும் ஆண்களுக்கே உரியவையாக இருந்தன. மரி கமார்கோ என்ற நடனக்காரி அந்தக் கால்வேலையைக் கற்றுக்கொண்டார். ஆனால் பாவாடைக்குள் என்ன நடக்கிறது எண்டு ஆருக்குத் தெரியும்? அவர் பாவாடையைக் கணுக்கால் தெரியும் அளவுக்குச் சில அங்குலம் உயர்த்தினார். ஊர் கொதித்தது. அவர் காட்ட விரும்பியது தன் திறமையை.

நாங்கள் இன்று டூட்டூ என்று அடையாளம் காணும் உடுப்பு 1832இல் வந்தது. 'லா சில்ஃபீட்' என்ற பலேயில் மரி தாலியோனி காற்றில் வாழும் ஒரு ஆவியாக ஆடினார். நடனத்தை அமைத்தவர் அவருடைய அப்பா பிலிப்போ தாலியோனி. இறுக்கமான மேற்சட்டை, மணி போல விரிந்து முழங்காலுக்குக் கீழ்வரை வரும் மெல்லிய வெள்ளைப் பாவாடை. நுனிக்காலில் அவர் நின்றபோது நிலத்தோடு தொடர்பே இல்லாத ஒருத்தியைப் போலத் தெரிந்தார்.

அந்த மாயத்துக்குப் பின்னால் இரண்டு தொழில்நுட்பங்கள் இருந்தன. ஒன்று வலைத்துணி. பிரான்சில் தூல் என்றொரு ஊர் இருக்கிறது, டூல் துணிக்கு அந்த ஊரின் பெயர்தான். கையால் பின்னினால் நாட்கணக்கில் எடுக்கும் அந்த வலையை மெசினில் நெய்யும் வழியை இங்கிலாந்தில் ஜோன் ஹீத்கோட் 1800களின் முதல் பத்தாண்டில் கண்டுபிடித்தார். அதன்பிறகு மெல்லிய வலையை அடுக்கடுக்காகப் பயன்படுத்த முடிந்தது. மற்றது வெளிச்சம். 1822இலேயே பாரிஸ் ஒப்பராவுக்குள் காஸ் விளக்கு வந்துவிட்டது. அந்த மங்கலான ஒளி வெள்ளை வலையில் பட்டால் நிலவில் பனி மிதப்பது போல இருக்கும்.

இப்ப இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கோ. காற்றுப் புகுந்து நிற்கிற மெல்லிய துணி. திறந்த நெருப்பு.

1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்ற நடனக்காரியின் பாவாடையில் தீப்பற்றியது. சில நாட்களில் இறந்துபோனார். இதற்குப் பிறகும் இப்படிப் பலர். பிரான்சில் துணியை இரசாயனக் கரைசலில் நனைத்து எரியாமல் செய்யும் முறை ஒன்று வந்தது. ஆனால் அப்படி நனைத்த துணி விறைத்து, நிறம் மங்கிவிடும். எம்மா லிவ்ரி என்ற இளம் நட்சத்திரம் அதை உடுக்க மறுத்தார். 1862 நவம்பரில் ஒத்திகை ஒன்றின்போது அவருடைய பாவாடை காஸ் விளக்கில் பட்டது. எட்டு மாதம் காயங்களோடு கிடந்து, 1863 யூலையில் இறந்தார். 20 வயது.

லிவ்ரி தாலியோனியின் மாணவி. தாலியோனி அவருக்காகவே 1860இல் 'லு பப்பியோன்', அதாவது வண்ணத்துப்பூச்சி, என்ற பலேயை அமைத்திருந்தார். அந்தக் கதையில் வண்ணத்துப்பூச்சியான பெண் தீப்பந்தத்திடம் ஈர்க்கப்பட்டுச் சிறகு கருகிப்போகிறாள்.

"சொல்வழி கேட்காத பிள்ளை" எண்டு இந்தக் கதையை முடித்துவிடலாம். எனக்கு அப்படி முடிக்க மனம் வரவில்லை. காற்றுப் போல இருப்பதுதான் அவருடைய வேலை. விறைத்த, மங்கிய பாவாடையோடு வந்தால் அவரைப் பார்க்க ஆர் காசு கொடுப்பார்கள்? மறுத்தது அவர்தான். ஆனால் அழகு எப்படி இருக்கவேண்டும் எண்டு தீர்மானித்தது அவர் மட்டும் இல்லையே.

அந்தத் தீர்மானம் ஆரிடம் இருந்தது என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. 1881இல் எட்கார் டெகா ஒரு மெழுகுச் சிலையைக் காட்சிக்கு வைத்தார். பதினான்கு வயது நடனச் சிறுமி, சிலைக்கு உண்மையான துணிப் பாவாடை. மாதிரியாக நின்ற மரி வான் கோத்தெம் உடுப்புத் தோய்த்துப் பிழைத்த ஒரு தாயின் மகள், ஒப்பராவில் பயிற்சி பெற்றவள். அந்தக் காலத்தில் பணக்காரச் சந்தாதாரர்கள் மேடைக்குப் பின்னால் நடனக்காரிகள் கூடும் அறைக்குள் போய்வரலாம். டெகாவின் ஓவியங்களில் ஓரத்தில் நிற்கும் கறுப்புக் கோட்டு ஆண்கள் அவர்கள்தான். டூட்டூவைப் பார்த்து ரசித்தபிறகு அந்த ஓரத்தையும் ஒருக்காப் பாருங்கோ.

1880களில் இத்தாலிய நடனக்காரிகள் புதிய, கடினமான நுட்பங்களோடு ரஷ்யாவுக்குப் போனார்கள். பாவாடை இன்னும் குட்டையாகி, கடைசியில் இடுப்பைச் சுற்றிய தட்டு மாதிரிக் கிடையாக நின்றது. 1895இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் 'ஸ்வான் லேக்' ஆடிய பியெரினா லெஞ்ஞானி ஒற்றைக் காலில் 32 தரம் தொடர்ந்து சுழன்றார். அந்தத் தட்டுப் பாவாடை காலை முழுதாகத் திறந்து வைத்தது. கால் தடுமாறினால் மறைக்க ஒன்றும் இல்லை.

அந்தத் தட்டைத் தைப்பதும் லேசான வேலை இல்லை. பத்துக்கும் மேற்பட்ட வலை அடுக்குகள், கீழே போகப்போகச் சின்னதாக வெட்டி, சுருக்கு வைத்து, ஒரு உள்ளாடையில் பொருத்தவேண்டும். பிறகு அடுக்குகள் ஒன்றாக நிற்கக் கையால் தளர்வாக நூலோடவேண்டும். பலவற்றில் உள்ளே ஒரு கம்பி வளையமும் இருக்கும். எங்கட ஊரில் பிள்ளைகளின் பிறந்தநாள் சட்டை தைக்கிற அக்காமாரைக் கேட்டால் தெரியும், நெற் எவ்வளவு வழுக்கும், எவ்வளவு யார் துணியை விழுங்கும் எண்டு.

பேஷன் உலகம் இதைக் கைவிடவே இல்லை. 'செக்ஸ் அன்ட் த சிற்றி' தொடரின் ஆரம்பக் காட்சியில் கரி போட்டிருக்கும் வெள்ளைப் பாவாடையை உடையமைப்பாளர் பற்றீசியா பீல்ட் 5 டொலருக்கு ஒரு கழிவுவிலைப் பெட்டியில் கண்டெடுத்தார். 2024இல் அப்படி ஒன்று ஏலத்தில் 52,000 டொலருக்குப் போனது. ஆனால் எனக்குப் பிடித்த டூட்டூ 2018இல் செரீனா வில்லியம்ஸ் அமெரிக்க ஓப்பனில் போட்டது. பிள்ளை பெற்றபின் இரத்தக்கட்டிப் பிரச்சினை இருந்ததால் அவர் பிரெஞ்சு ஓப்பனில் உடலோடு ஒட்டிய கறுப்பு முழு உடுப்பில் ஆடினார். இனி அது சரிவராது எண்டு பிரெஞ்சு ரெனிஸ் சம்மேளனத் தலைவர் சொன்னார். கொஞ்ச நாளில் செரீனா வேர்ஜில் அப்லோ வடிவமைத்த டூல் பாவாடையோடு களத்தில் நின்றார். அது முன்கூட்டியே தயாரான உடுப்புத்தான். ஆனாலும் பார்த்தவர்கள் பலர் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாவாடையோடு அவர் சேர்வ் அடித்ததைப் பார்த்த ஆரும் பொம்மை எண்டு சொல்லமாட்டினம்.

கறுத்த உடம்பில் டூட்டூ என்பதே ஒரு நீண்ட சண்டை. பலேயின் இளஞ்சிவப்புக் காலுறையும் சப்பாத்தும் வெள்ளைத் தோலைக் கணக்கில் வைத்து வந்தவை. 1970களில் நியூயோர்க்கின் 'டான்ஸ் தியேட்டர் ஒஃப் ஹார்லெம்' குழுவினர் தங்கள் தங்கள் தோல் நிறத்துக்கு ஏற்ற காலுறை போடத் தொடங்கினார்கள். லண்டனின் ஃபிரீட் நிறுவனம் பழுப்பு நிற நுனிக்கால் சப்பாத்தை விற்பனைக்குக் கொண்டுவர 2018 ஆனது. அதுவரைக்கும் பலர் தங்கள் சப்பாத்துக்குத் தாங்களே நிறம் பூசினார்கள், மேக்கப் பவுண்டேஷனால்.

என்னுடைய கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். டூட்டூ பலத்தை மறைத்துக் காட்டுகிற உடுப்பு. ஆடுகிறவளின் வலியும் தைக்கிறவளின் மணித்தியாலங்களும் தெரியாமல் இருந்தால்தான் அது வென்றதாகக் கணக்கு. அது பாரமே இல்லாததுபோலத் தெரிவதால் நாங்களும் உள்ளே ஒன்றும் இல்லை எண்டு நம்பிவிடுகிறோம். இனி ஆராவது நெற் சட்டையோடு வந்தால், வாயில் வாற பகிடியைக் கொஞ்சம் நிற்பாட்டிவிட்டு, உள்ளே எத்தனை அடுக்கு எண்டு கேட்டுப் பாருங்கோ. தைத்தது ஆர் எண்டும்.