கடல் கடந்த கார்களும் கடல் கடவாத கடிதங்களும்

ஒரு பொருளை விற்றவனுடைய பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது? பணத்தை எண்ணி வாங்கிப் பெட்டியைப் பூட்டியவுடன் முடிந்துவிடுகிறது என்பது பழைய வியாபார நியாயம். சந்தையில் கத்தரிக்காயும் கருவாடும் வாங்குபவருக்கு அந்த நியாயம் ஓரளவு பொருந்தலாம். அவர் முகர்ந்து பார்க்கலாம், அழுத்திப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் ஒரு மோட்டார் வாகனத்தின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் குறையை வாங்குபவர் எப்படி முகர்ந்து அறிவார்? அதை அறியக்கூடியவன் அதனைச் செய்தவனே. ஆகவே, குறை வெளிப்பட்டவுடன் வாங்கியவரைத் தேடிச் சென்று, "உங்கள் வாகனத்தில் பிழை உண்டு, கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் திருத்தித் தருகிறோம்" என்று சொல்லும் கடமையும் அவனுடையதே. இக்கடமைக்கு மீளழைப்பு என்று பெயர். சாதாரணமாகத் தோன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் இன்றைய உலகின் ஏற்றத்தாழ்வு அடங்கிக் கிடக்கிறது என்பதையே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எமது வீதிகளில் அடிக்கடி கண்ணில் படும், ஜீப் உருவங்கொண்ட சிறு கார்களுள் ஒன்று ஹொண்டா வெசல். 2013ஆம் ஆண்டு டிசம்பரில் அது யப்பானில் விற்பனைக்கு வந்தது. பெற்றோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இயக்கும் அதன் ஹைபிரிட் வகையில், இரண்டு கிளச்சுகளும் ஏழு கியர்களும் கொண்ட புதுமாதிரியான கியர்ப்பெட்டி இருந்தது. எந்தக் கணத்தில் எந்தக் கிளச் பிடிக்க வேண்டும், மோட்டாரோடு இயந்திரம் எப்போது சேர வேண்டும் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது சாரதியின் காலன்று. கணினிக்குள் எழுதப்பட்ட மென்பொருளே. அந்த மென்பொருளில் பிழை இருந்தது. அதே அமைப்பைக் கொண்ட ஃபிட் ஹைபிரிட் கார், வெளிவந்து ஓராண்டும் சில வாரங்களும் செல்வதற்குள் ஐந்து தடவை மீளழைக்கப்பட்டது. அவற்றுட் சில அழைப்புகளில் வெசலும் அகப்பட்டது. 2014 பெப்ரவரியில் இவ்விரு வகையிலுமாக 81,353 கார்கள் அழைக்கப்பட்டன. ஜூலையில் 175,356 கார்கள். கார் நகர மறுக்கக்கூடும் என்பது முந்திய அழைப்பின் காரணம். எதிர்பாராமல் வேகங்கொள்ளக்கூடும் என்பது பிந்தியதன் காரணம். அவ்வாண்டு ஒக்டோபரில் வேறு வகைகளும் சேர்ந்து ஏறத்தாழ 425,000 கார்கள் அழைக்கப்பட்டபோது, கம்பனியின் தலைவர் தகனோபு இத்தோ தம் சம்பளத்தில் நூற்றுக்கு இருபது பங்கை மூன்று மாதங்களுக்குத் துறப்பதாக அறிவிக்க நேர்ந்தது.

இந்த மீளழைப்புகளைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. மனிதன் செய்யும் இயந்திரத்தில் பிழை வரும். அதை ஒப்புக்கொண்டு திருத்துவதே நாகரிகம். ஆனால் இந்த நாகரிகம் முதலாளிகளின் மனச்சாட்சியில் தானாகப் பூத்த மலர் என்று எவரேனும் நினைப்பாராயின் அது பேதைமை. 1965ஆம் ஆண்டில் அமெரிக்க வழக்கறிஞர் றால்ஃப் நேடர், கார்களின் ஆபத்தான அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனி அதற்கு அளித்த முதல் மறுமொழி, அவர் பின்னால் துப்பறிவாளரை ஏவியதுதான். அந்தச் செயல் அம்பலமாகி, கம்பனியின் தலைவர் 1966இல் செனற் சபைக் குழுவின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டிலேயே வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அப்போதும் அச்சட்டம் குறையை அறிவிக்கவே கட்டளையிட்டது. இலவசமாகத் திருத்தித் தர வேண்டும் என்ற விதி 1974இல்தான் வந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் எழுதப்பட்ட சட்டத்தின்படி அறிவித்தற் கடிதம் செல்ல வேண்டியது முதன்முதல் வாங்கியவருக்கும், உத்தரவாதம் கைமாற்றப்பட்ட பிந்திய உரிமையாளருக்குமே. உத்தரவாதம் முடிந்த பழைய காரை வாங்கிய ஏழைக்குக் கடிதம் இல்லை.

யப்பானில் நிகழ்ந்ததும் இத்தகையதே. 2000ஆம் ஆண்டில், பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்த தகவலின் பேரில் அரசாங்க அதிகாரிகள் மிற்சுபிசி மோட்டோர்ஸ் கம்பனியைச் சோதனையிட்டார்கள். வாடிக்கையாளரின் முறைப்பாடுகள், ஊழியர் உடைமாற்றும் அறையில் மறைத்து வைக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வழக்கம் நடந்து வந்திருந்தது. 2002இல் யோக்ககாமா நகரில் அக்கம்பனியின் பாரவூர்தி ஒன்றிலிருந்து கழன்றோடிய சக்கரம், பிள்ளைகளுடன் நடந்து சென்ற ஓர் இளந்தாயைக் கொன்றது. உரிமையாளர் வண்டியைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதே கம்பனி சொன்ன காரணம். வடிவமைப்பிலேயே குறை உண்டென்று ஒப்புக்கொள்ள 2004 வரை சென்றது.

இங்கேதான் முறைப்பாட்டின் மகத்துவம் விளங்குகிறது. தனி ஒருவர் "என் கார் மேட்டில் ஏறாமல் திணறுகிறது" என்று சொன்னால், "உமக்கு ஓட்டத் தெரியவில்லை" என்று வாயடைத்துவிடலாம். அதையே ஆயிரம் பேர் சொல்லி, அந்த ஆயிரமும் ஒரே ஏட்டில் பதியப்பட்டால் அது குற்றப்பத்திரிகையாகிவிடும். சிதறிக் கிடக்கும்போது முணுமுணுப்பு. ஒன்று சேர்ந்தால் சாட்சியம். தொழிலாளர் சங்கத்தின் பாடமும் இதுவேயன்றோ?

இனி எம் கரைக்கு வருவோம். யப்பானியரும் நாமும் வீதியின் இடப்பக்கத்தில் ஓட்டுகிறோம். ஆதலால் அங்கு சிறிது காலம் ஓடிய கார் இங்கு நேரே ஓட வந்துவிடுகிறது. கப்பலேறுமுன் ஏற்றுமதிக்கென அதன் யப்பானியப் பதிவு நீக்கப்படுகிறது. அன்றோடு, யப்பானியப் பதிவேட்டைப் பார்த்து அனுப்பப்படும் கடிதங்களுக்கு அந்தக் கார் முகவரியற்றதாகிவிடுகிறது. கொழும்புத் துறைமுகத்திலோ அம்பாந்தோட்டையிலோ இறங்கி, புதிய இலக்கத்தகடு பூண்டு, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக் கண்டிக்கும் வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் போய்விடுகிறது. வெசல் என்ற பெயரே யப்பானியச் சந்தைக்குரியது. வேறு பல நாடுகளில் அதன் பெயர் எச்.ஆர்.வி. பெயர் மாறிய இடத்தில் அறிவித்தல்களைத் தேடுவதும் எளிதன்று.

இத்தகைய கார்களில் நாம் பலமுறை பயணம் செய்திருக்கிறோம். சாவியைத் திருப்பியவுடன் ஒரு பெண் குரல் யப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். சாரதிக்கும் விளங்காது, எமக்கும் விளங்காது. பின்னர் விசாரித்து அறிந்தோம்: அந்நாட்டு நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்று அது நினைவூட்டுகிறதாம்! இங்கு இல்லாத அட்டையைப் பற்றி நாள்தோறும் சொல்லும் அந்த வாய், கியர்ப்பெட்டியின் குறையைப் பற்றி ஒருநாளும் சொல்வதில்லை. காரின் சிறுபெட்டிக்குள் கிடக்கும் பராமரிப்புக் குறிப்பேடும் யப்பானிய மொழியிலேயே இருக்கிறது. அங்கு திருத்தப்பட்டு வந்த கார்கள் உண்டு. திருத்தப்படாமல் வந்தவையும் இருக்கக்கூடும். எது எதுவென அறியாமலே ஓட்டுகிறோமே, அந்த அறியாமைதான் எமது நோய்.

இந்த நோயைச் சுமப்பவர் யார்? பெரும் பணக்காரர் புதிய வாகனத்தைப் புதிதாகவே வாங்குவார். குறை கண்டால் விற்றுவிடுவார். மூன்றாம் கையாக வாங்குபவர் ஆசிரியர், எழுதுவினைஞர், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் சாரதி. லீசிங் கம்பனிக்கு மாதந்தவறாமல் கட்டுபவர். கார் நின்றுவிட்டால் அவருடைய அடுப்பும் நின்றுவிடும். அவர் போகும் கராஜில் இருப்பவரோ கைத்திறனில் எவருக்கும் குறைந்தவரல்லர். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே நோயைச் சொல்லும் மேதைகளை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் மென்பொருட் பிழையைச் சாவிக்கட்டையால் திருத்த முடியாது. அதற்குக் கம்பனியின் கருவியும் கம்பனியின் புதிய மென்பொருளும் வேண்டும். இலவசமாகக் கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சைக்கு அந்தச் சாரதி கடன்பட்டுப் பணம் கொடுக்கிறார்.

பணத்தோடு போனால் பாதகமில்லை. தக்காற்றா கம்பனியின் காற்றுப்பைகள் உயிரையே கேட்டன. அவற்றை ஊதவைக்கும் அமோனியம் நைத்திரேற்று, ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதனிலும் கிடந்து சிதைந்தது. மோதலின்போது பை விரிவதற்குப் பதிலாக உலோகக் கூடு வெடித்து, காப்பாற்ற வேண்டிய முகத்திலேயே சிதறியது. 2002ஆம் ஆண்டு மாதிரி ஹொண்டா சி.ஆர்.வி. உட்படச் சில பழைய கார்களிலிருந்த ஒருவகைக் கூடுகள், பரிசோதனையில் நூற்றுக்கு ஐம்பது வரை வெடிக்கக்கூடியவையாகக் காணப்பட்டன என 2016இல் அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தனர். வெப்பமும் ஈரமும் மிக்க புளோரிடா போன்ற பகுதிகளுக்கே அங்கு முதலில் முன்னுரிமை கொடுக்கப்பட்டது. அப்படியாயின், ஆண்டு முழுவதும் வேர்த்து ஒழுகும் எமது நாட்டுக்கு எத்தகைய முன்னுரிமை வேண்டும்!

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. கதவு திறக்கும்போதே கேள்வியும் எழ வேண்டும். வரியை அறவிடுவதற்கு அடிச்சட்ட இலக்கத்தைப் பார்க்கும் அரசு, அதே இலக்கத்தைக்கொண்டு மீளழைப்பு நிறைவேறியதா என்றும் பார்க்கலாம். யப்பானியக் கம்பனிகள் அந்த விவரத்தை இணையத்தில் வைத்திருக்கின்றன. இறக்குமதி செய்பவர் அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாங்குபவர் கையில் கொடுக்கக் கடமைப்பட வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும், முறைப்பாடுகளை வாகன வகைவாரியாகத் திரட்டி எல்லாரும் பார்க்க வெளியிட வேண்டும். எவ்வழியால் வந்த காராயினும், பாதுகாப்புக் குறையைக் கம்பனி தன் செலவிலேயே நீக்க வேண்டும். இது பிச்சையன்று, பாவிக்கும் எவருக்கும் உரிய உரிமை.

பழைய பொருளை வாங்குபவர் பழைய உயிரை உடையவரல்லர். முதற் கை, மூன்றாம் கை என்ற வேற்றுமை காருக்கு இருக்கலாம். அதற்குள் அமர்ந்திருக்கும் மனிதருக்கு இல்லை. காரை விற்ற இலாபம் கடலைக் கடந்து செல்கிறது. அந்தக் காரைப் பற்றிய உண்மையும் அதே கடலைக் கடந்து எம்மிடம் வந்தேயாக வேண்டும்.